கொசு உள்ளான் கூடு கட்டும் நிலம்

மதுரை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சாமநத்தம் கண்மாயில், தை மாதம் நீர் இறங்கத் தொடங்கியதும், உள்வாய்ச் சேற்றில் சிட்டுக்குருவி அளவே உள்ள சாம்பல் நிறப் பறவைகள் கூட்டமாக வந்து இரை தேடும். கூழைக்கடாக்களையும் நாரைகளையும் பார்க்க வருபவர்களின் கண்ணில் இவை அதிகம் படுவதில்லை. கறுப்புக் கால்களுடன் நிற்காமல் ஓடி ஓடிக் கொத்துவது கொசு உள்ளான். அதைவிட மெதுவாக, உடலைத் தாழ்த்தியபடி, புல் முளைத்த ஈர விளிம்பை ஒட்டித் தனித்தோ இரண்டு மூன்றாகவோ மேய்வது மஞ்சள் கலந்த பச்சைக் கால்களை உடைய டெம்மிங்க் கொசு உள்ளான். இரண்டுமே இருபது முதல் முப்பது கிராம் எடையுள்ளவை. இரண்டும் நம் மண்ணில் முட்டையிடுவதில்லை. நார்வேயின் வடமுனையிலிருந்து சைபீரியாவின் கிழக்குக் கரை நோக்கி விரியும் தூந்திராவிலும் அதன் ஓரங்களிலும்தான் அவை கூடு கட்டுகின்றன. இந்தியாவுக்கு வருபவை பெரும்பாலும் அந்தப் பரப்பின் சைபீரியப் பகுதியைச் சேர்ந்தவை. அதன் மேற்கு ஓரத்தில், நார்வேயின் வராங்கர் தீபகற்பத்தில், ஒரு கோடை முழுவதும் பறவை ஆய்வுக் குழு ஒன்றுக்குக் களப்பணி உதவியாளராக இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

வராங்கர் ஏறத்தாழ 70 டிகிரி வடக்கில் இருக்கிறது. மதுரையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 7,500 கிலோமீட்டர் தொலைவு. மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை அங்கே சூரியன் மறைவதில்லை; நள்ளிரவில் வடக்கு அடிவானத்தின்மேல் தாழ்ந்து நகர்ந்து மீண்டும் ஏறிவிடும். கடலோரத்தில் கோடையின் வெப்பநிலைகூடப் பத்து டிகிரியை ஒட்டியே இருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளங்களில் பனி கிடந்தது. மேடுகளில் மட்டும் பழுப்பு நிறப் பாசியும், கணுக்கால் உயரமே வளரும் குள்ள பிர்ச்சும், தரையோடு படர்ந்த வில்லோ செடிகளும் தெரிந்தன. ஒரு வாரத்தில் அந்த நிலம் அடையாளம் தெரியாமல் மாறியது. பனி உருகிய நீர் ஒவ்வொரு தாழ்விலும் தேங்கிக் குட்டையானது. தூந்திராவின் பெரும்பகுதியில் அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே இருப்பதால் நீர் கீழே இறங்க வழியில்லை. மழை குறைந்த அந்த வடக்கு நிலம் கோடையில் முழங்கால் ஆழச் சதுப்பாகக் கிடப்பதற்கு இதுவே காரணம். அந்த ஆழமற்ற நீர்தான் அத்தனை பறவைகளையும் அங்கே இழுக்கிறது.

தொலைபேசியில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரியே வராதுன்னா எப்பத்தா தூங்குவ?" என்பது. பறவைகளிடமும் அதே கேள்வியை அறிவியலாளர்கள் கேட்டிருக்கிறார்கள். அலாஸ்காவின் வடமுனையில், பெக்டோரல் உள்ளான் என்ற இனத்தின் ஆண் பறவைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இணை சேரும் பருவத்தில் சில ஆண்கள் நாளின் 95 விழுக்காடு நேரம் வரை விழித்திருந்ததும், மிகக் குறைவாகத் தூங்கியவையே அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தையானதும் தெரியவந்தன. வராங்கரிலும் நள்ளிரவைச் சுற்றிய சிறிது நேரம் பாட்டுச் சத்தம் குறையுமே தவிர, கரைப்பறவைகளின் நடமாட்டம் நிற்பதே இல்லை. இருட்டு இல்லாத இடத்தில் கடிகாரத்துக்குப் பதில் காற்றையும் மழையையும் பார்த்துத்தான் நாங்களும் வேலை நேரத்தை வகுத்துக்கொண்டோம்.

கூடு தேடுவதுதான் முதல் வேலை. நீண்ட கயிற்றின் இரு முனைகளை இருவர் பிடித்துக்கொண்டு, அது செடிகளின் தலையை உரசும்படி நிலத்தின்மேல் இழுத்துச் செல்வோம். அடைகாக்கும் பறவை கயிறு நெருங்கும்போது திடீரென்று எழும். எழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்றாமவர் போய்ப் பார்க்க வேண்டும். டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு இந்த முறை பெரும்பாலும் உதவாது, ஏனெனில் அது கடைசி நொடி வரை அசையாமல் இருக்கும். அதற்குப் பொறுமையே வழி. பறவை எழுந்துபோன திசையைப் பார்த்துத் தொலைவில் உட்கார்ந்திருந்தால், சிறிது நேரத்தில் அது திரும்பி வரும்; நேராகக் கூட்டுக்குப் போகாமல் இங்கே கொத்தி, அங்கே நின்று, சுற்றி வளைத்து வந்து, ஒரு செடியடியில் சட்டென்று மறையும். அந்தச் செடியை மனத்தில் குறித்துக்கொண்டு எழுந்து நடந்தால், அருகில் போனதும் எல்லாச் செடியும் ஒரே மாதிரி தெரியும்.

நான் முதன்முதலில் அப்படிக் கண்ட கூடு என் உள்ளங்கையைவிடச் சிறியது. வில்லோவின் சென்ற ஆண்டுச் சருகுகளை அடியில் பரப்பிய ஒரு குழி. அதில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் நடுவில் சேரும்படி அடுக்கப்பட்டிருந்தன. மங்கிய பச்சை கலந்த மண் நிறத்தில், அகன்ற முனையில் நெருங்கிய செம்பழுப்புத் திட்டுகளுடன் இருந்தன. கூர்முனைகள் உள்நோக்கி இருப்பதால்தான் அத்தனை சிறிய பறவை நான்கையும் வயிற்றுக்கடியில் மூடிவிட முடிகிறது. ஒரு முட்டையை எடுத்துச் சிறு கோப்பையிலுள்ள வெதுவெதுப்பான நீரில் விட்டுப் பார்ப்போம். புதிதாக இட்ட முட்டை அடியில் படுத்திருக்கும். அடை ஏற ஏற உள்ளே காற்றறை பெரிதாகி, முட்டை மெல்ல நிமிர்ந்து, பிறகு மிதக்கும். அது நிற்கும் சாய்வை வைத்து எத்தனை நாள் அடை ஆகியிருக்கிறது என்று கணிக்கலாம். நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் பழக்கத்துடன் வளர்ந்த எனக்கு அந்த வேலை உடனே கைவந்தது. அளந்து, எடை பார்த்து, இடத்தை ஜி.பி.எஸ்-இல் குறித்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்குள் விலகிவிட வேண்டும். நம் கால் தடத்தின் மணத்தைப் பிடித்து நரி வரும் என்பதால் கூட்டருகே நின்று பேசுவதுகூடக் கிடையாது.

இந்தப் பறவையின் குடும்ப ஏற்பாடு எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. பெண் பறவை ஓர் ஆணின் எல்லையில் நான்கு முட்டைகள் இட்டு அவற்றை அந்த ஆணிடமே விட்டுவிடுகிறது. பிறகு வேறோர் ஆணுடன் சேர்ந்து, அடுத்த நான்கை இட்டு, அவற்றைத் தானே அடைகாக்கிறது. ஆக, ஒவ்வொரு கூட்டிலும் ஒரு பறவைதான், தாயோ தந்தையோ, மூன்று வாரம் தனியாக உட்கார்ந்திருக்கிறது. கொசு உள்ளானிடமும் இதே முறை உண்டு. கோடை அங்கே மிகக் குறுகியது. முதல் அடை பொரித்து முடிந்து இரண்டாவது தொடங்க நேரமே இல்லை. இரண்டு அடைகளையும் இருவர் ஒரே காலத்தில் பார்த்துக்கொண்டால் ஒரே கோடையில் எட்டு முட்டைகள் வரை தேறும். ஒரு கூட்டை நரி எடுத்தாலும் இன்னொன்று மிஞ்சும். ஆனால் தனியாக அடைகாப்பவர் பசிக்கு எழுந்தாக வேண்டுமே. கூட்டுக்குள் வைத்த சிறு வெப்பமானிகளின் பதிவைக் கணினியில் பார்த்தபோது, பறவை எழுந்து போனதும் சரிந்து, அது திரும்பியதும் ஏறும் கோடு ஒரு நாளில் எத்தனை எத்தனையோ முறை வந்தது. பறவை நீண்ட நேரம் எழுவதில்லை. சில நிமிடம் ஓடி, கொத்தி, மீண்டும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று வீசிய நாட்களில் அந்த ஓட்டங்கள் இன்னும் குறுகின. இருபத்தைந்து கிராம் உயிர் தன் பசிக்கும் முட்டையின் சூட்டுக்கும் நடுவில் போடும் அந்தக் கணக்கை ஒரு கோட்டுப் படத்தில் பார்த்தபோது நான் வெகுநேரம் திரையின் முன்னே இருந்தேன்.

மதுரைக் கண்மாய்களில் பார்த்துப் பழகிய வேறு பறவைகளும் அங்கே வேறு உருவில் எதிர்ப்பட்டன. பேதை உள்ளானை நாம் பழுப்பும் சாம்பலுமாக, எந்த அலங்காரமும் இல்லாமல்தான் பார்க்கிறோம். அங்கே ஆண் பறவைகள் கழுத்தைச் சுற்றிச் சிலிர்த்த பெரும் இறகுப் பிடரியுடன், ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத நிறங்களில், ஒரு மேட்டில் கூடி நின்று ஆடுகின்றன. அந்த ஆட்டம் ஏறக்குறைய ஓசையில்லாமல் நடப்பதுதான் விசித்திரம். குதிப்பதும் படபடப்பதும் குனிந்து உறைந்து நிற்பதுமாக இருக்கும், குரல் மட்டும் எழாது. அவற்றில் மூன்று வகை ஆண்கள் உண்டு. கருமை ஓங்கிய பிடரியுடன் தனக்கென்று இடம் பிடித்துக் காப்பவை பெரும்பான்மை. வெண்பிடரியுடன் அவற்றோடு ஒட்டி நின்று வாய்ப்புப் பார்ப்பவை இரண்டாம் வகை. நூற்றில் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லாத மூன்றாம் வகை, பிடரியே இல்லாமல் பெண்ணின் தோற்றத்திலேயே இருக்கும். இவற்றை அறிவியல் உலகம் 2006-இல்தான் அடையாளம் கண்டது. ஒரு குரோமோசோமின் ஒரு துண்டு சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தலைகீழாகத் திரும்பியதிலிருந்தே இந்த வேறுபாடுகள் தோன்றின என்று பிற்பாடு வந்த மரபணு ஆய்வுகள் காட்டின. வண்டியூரிலோ சாமநத்தத்திலோ அடுத்த முறை பேதை உள்ளான் கூட்டத்தைப் பார்க்கும்போது, அந்தச் சாதாரணத் தோற்றத்துக்குள் இந்த மூன்று வகையும் கலந்து நிற்கக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

செங்கழுத்து பலரோப் என்ற இன்னொரு சிறு பறவையில் பெண்ணுக்குத்தான் நிறம் அதிகம். அது முட்டையிட்டுவிட்டுப் போய்விட, மங்கிய நிற ஆண் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது. ஸ்காண்டிநேவியாவில் கூடு கட்டும் பலரோப்கள் குளிர்காலத்தைக் கழிப்பது அரபிக்கடலின் நடுவில்.

வில்லோ புதர்களின் நுனியில் இருந்து இரவு பகலாகப் பாடிய பறவை புளூத்ரோட். தொண்டையில் நீலப் பட்டையும் அதன் நடுவே செம்பொட்டும் உடைய இந்தப் பறவை, குளிர்காலத்தில் நம் கண்மாய்களின் கோரைப் புதர்களிலும் அரிதாகத் தட்டுப்படும். அப்போது அது பாடாது, வாலை விரித்து ஓடி ஒளியும். நார்வேயின் புளூத்ரோட்களின் முதுகில் ஒரு கிராமுக்கும் குறைவான ஒளிமானிகளைப் பொருத்தி அனுப்பியபோது, அவை தென்மேற்காக ஆப்பிரிக்கா செல்லாமல் தென்கிழக்கே திரும்பி இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்தது உறுதியானது. அந்தக் கருவி செய்வது ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சத்தின் அளவை நேரத்தோடு பதிவு செய்கிறது. பகலின் நீளத்திலிருந்து பறவை எந்த அட்சரேகையில் இருந்தது என்றும், உச்சிப்பொழுது எப்போது வந்தது என்பதிலிருந்து எந்தத் தீர்க்கரேகையில் இருந்தது என்றும் கணக்கிடுகிறார்கள். அதைப் படிக்க அடுத்த ஆண்டு அதே பறவையை மீண்டும் பிடித்தாக வேண்டும். சூரியன் மறையாத தூந்திராவில் இந்தக் கணக்கே செல்லாது. பறவை தெற்கே நகர்ந்து முதல் இரவைக் கண்ட பிறகுதான் கருவி பேசத் தொடங்கும்.

ஜூன் கடைசியில் முட்டைகள் பொரிந்தன. குஞ்சு ஐந்து கிராம் எடைகூட இராது. பொரித்த சில மணி நேரத்தில் உடல் உலர்ந்து, கூட்டை விட்டு நடந்து, தன் இரையைத் தானே கொத்தத் தொடங்குகிறது. தாயோ தந்தையோ ஊட்டுவதில்லை. ஆனால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள அதற்கு இன்னும் தெரியாது. சற்று நேரம் இரை தேடியதும் நடுங்கியபடி ஓடிவந்து பெற்றவரின் இறக்கைக்குள் நுழைந்துகொள்ளும். சூடேறியதும் மீண்டும் வெளியே வரும். ஒரு குளிர் நாளில் தந்தைப் பறவையின் அடியில் நான்கு குஞ்சுகளும் நுழைந்திருக்க, அதன் உடலின் கீழே எட்டுச் சிறு கால்கள் மட்டும் தெரிய, அது இரு பக்கமும் இறக்கையைத் தாழ்த்தி நின்றதை அருகிலிருந்து பார்த்தேன். மழையும் குளிரும் நீண்டால் சூடேற்றவே நேரம் போய்விடும், இரை தேட நேரம் இராது. வெயில் நீடித்தால் குஞ்சு மூன்று வாரத்துக்குள் பறந்துவிடும்.

குஞ்சுகள் கொத்துவது எதை என்று குட்டை ஓரத்தில் ஒரு வலையை வைத்துச் சேகரித்துப் பார்த்தோம். மிகுதியாகக் கிடைத்தவை கைரோனமிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த, கடிக்காத சிறு ஈக்கள். பார்வைக்குக் கொசுப்போல் இருக்கும். அவற்றின் புழுக்கள் குட்டையின் அடிச் சேற்றில் வாழ்ந்து, பனி உருகி நீர் சூடாகும் அந்தச் சில வாரத்தில் ஒரே வீச்சில் இறக்கை முளைத்து வெளியே வருகின்றன. சாமநத்தம் சேற்றை ஒரு கை அள்ளிக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பம் தெரியும். நாம் ரத்தப்புழு என்று சொல்லி மீன் தொட்டிக்கு வாங்கிப் போடும் சிவந்த புழுக்கள் இவைதான். பறவையின் வாழ்வில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நடுவில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் இருந்தாலும், இரு முனைகளிலும் அதற்கு வேண்டியது ஒன்றே: விரல் ஆழ நீர், அதன் அடியில் மெல்லிய சேறு, அந்தச் சேற்றில் இந்தப் புழு. வராங்கரில் நான் கற்றவற்றில் எனக்கு முக்கியமானது இதுவே.

தூந்திராவில் எந்தக் கோடையில் குஞ்சுகள் தேறும் என்பதை வானிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. லெம்மிங் என்னும் எலியினம் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிப் பிறகு சரியும். அது பெருகிய ஆண்டில் நரிக்கும், ஸ்குவா என்னும் வேட்டையாடும் கடற்பறவைக்கும் அதுவே போதும். பறவைக் கூடுகள் தப்பிக்கும். சரிந்த ஆண்டில் அத்தனை வாய்களும் முட்டைகளின் பக்கம் திரும்பும். நீண்டவால் ஸ்குவா லெம்மிங் இல்லாத ஆண்டில் முட்டையிடவே முயல்வதில்லை. சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் கூடு கட்டும் வளைமூக்கு உள்ளான்களில் இந்த ஏற்றஇறக்கம் அவ்வளவு தெளிவாகத் தெரிவதால், குளிர்காலத்தில் தெற்கு நாடுகளில் எண்ணப்படும் கூட்டத்தில் இளம்பறவைகளின் பங்கைப் பார்த்தே வடக்கில் அந்த ஆண்டு எலி பெருகியிருந்ததா என்று சொல்லிவிடுகிறார்கள். அதே வளைமூக்கு உள்ளான் கோடியக்கரையில் ஒரு காலத்தில் பெரும் கூட்டமாக வந்தது; அதன் எண்ணிக்கை உலகெங்கும் சரிந்ததால் 2024-இல் அது அழியும் வாய்ப்புள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் மேலேற்றப்பட்டது.

ஜூலை நடுவில் நிலம் அமைதியாகத் தொடங்கியது. முதலில் அடைகாக்கும் பொறுப்பு முடிந்த பெரிய பறவைகள் கிளம்பின. குஞ்சுகள் சில வாரம் தங்கி, கொழுப்பேற்றி, வழிகாட்ட எவரும் இல்லாமல் பின்னே புறப்படும். திசை அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. பெரியவை தூந்திராவில் இருந்தது மொத்தம் ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம். ஆகஸ்டில் தமிழகத்துக்கு வந்துசேரும் முதல் உள்ளான்கள் ஏப்ரல் கடைசி வரை, சில மே வரை, இங்கே இருக்கின்றன. அதாவது அந்தப் பறவையின் ஆண்டில் மிகப் பெரும் பங்கு நம்மிடம் கழிகிறது. பழைய இறகை உதிர்த்துப் புதிது வளர்ப்பதும், பங்குனி சித்திரையில் முதுகு இறகுகள் செம்பழுப்பு விளிம்பு பெறுவதும், நீண்ட பயணத்துக்கான கொழுப்பைச் சேர்ப்பதும் நம் சேற்றில்தான் நடக்கின்றன. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களையொட்டிக் கண்மாய்க்குப் போனால், தையில் பார்த்த சாம்பல் பறவையா இது என்று கேட்கும்படி நிறம் மாறிய உள்ளான்களைக் காணலாம்.

வடக்கு வெப்பமாவது அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. தைமிரில் 33 ஆண்டுகளில் பனி உருகும் நாள் இரண்டு வாரத்துக்கு மேல் முன்னே வந்துவிட்டதையும், பூச்சிகள் வெளிவரும் உச்சநாளைத் தவறவிட்ட நாட் என்னும் உள்ளானினத்தின் குஞ்சுகள் சிறிய உடலும் குட்டை அலகுமாக வளர்ந்ததையும் 2016-இல் ஓர் ஆய்வு விவரித்தது. அந்தக் குட்டை அலகால் பாதிப்பு நேர்ந்தது தூந்திராவில் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியக் கரையில், மணலின் ஆழத்திலுள்ள சிப்பியை எட்ட முடியாமல் அவை மடிந்தன. கோடையில் நேர்ந்த குறை குளிர்கால நிலத்தில் வெளிப்படுகிறது என்றால், குளிர்கால நிலத்தையும் நாம் கெடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பறவைக்கு ஈடுகட்ட இடமே இல்லை. அதனால்தான் ஊர் திரும்பிய பிறகு என் கவனம் முழுவதும் கண்மாயின் உள்வாய்க்குத் திரும்பியது.

கண்மாயின் அமைப்பை நன்கு அறிந்தவர்கள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். கரையையும் மடையையும் ஒட்டிய பக்கம் பள்ளம். எதிர்ப்பக்கம், வரத்துக்கால் நுழையும் உள்வாய், கண்ணுக்குத் தெரியாத சரிவில் மெல்ல மேடேறும். நூறு அடிக்கு ஓரடி மட்டுமே உயரும் சரிவில் நீர் ஓர் அங்குலம் இறங்கினால் நூறு அங்குல அகலத்துக்குப் புதுச் சேறு திறக்கும். உள்ளானின் கால் இரண்டு சென்டிமீட்டர் அளவே. அதற்கு வேண்டிய இடம் அந்தப் புதிதாகத் திறந்த பட்டைதான், மார்கழியில் ஓரிடம், மாசியில் அதற்குக் கீழே வேறோரிடம் என நீரோடு சேர்ந்து நகரும் பட்டை. கண்மாயைத் தூர்வாரும்போது எந்திரம் உள்வாய் வரை வந்து நாற்புறமும் செங்குத்தாக வெட்டிவிட்டால், நீர் கூடுதலாகத் தேங்கலாம், ஆனால் அது எத்தனை அடி இறங்கினாலும் சேறு திறக்காது. நடைபாதைக்காகச் சுற்றிலும் கல் பதித்து எழுப்பும் சுவருக்கும் இதே விளைவு. நகரை ஒட்டிய கண்மாய்களில் கழிவுநீர் சேர்வது இன்னொரு சிக்கல். அது அளவோடு இருக்கும்போது ரத்தப்புழு பெருகிப் பறவை கூடுகிறது, மீறும்போது ஆகாயத்தாமரை முழுப் பரப்பையும் மூடி எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

திருமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், நான் வடக்கே போவதற்கு முன்பே, "ஏம்மா, இந்தச் சிறுசுக எங்கம்மா முட்ட வைக்குது? நான் பொறந்ததிலேருந்து இங்க ஒரு கூடு கண்டதில்லையே" என்று கேட்டிருந்தார். திரும்பி வந்து, கைப்பேசியிலிருந்த கூட்டின் படத்தைக் காட்டினேன். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனூண்டுல நாலு முட்டையா" என்றார். பிறகு அவராகவே ஒன்றைச் சொன்னார்: "தண்ணி மெதுவா எறங்குற வருசந்தாம்மா இதுக நெறைய நிக்கும். மண்ணள்ளிப் பள்ளம் போட்ட அந்த வடபக்கம் இப்ப ஒண்ணும் எறங்குறதில்ல, பாத்துக்க." ஆய்வுக் குழுவின் அறிக்கை எதையும் படிக்காத ஒருவர், சரிவுக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பை அன்றாடம் பார்த்தே கண்டிருந்தார். அவர் சொன்ன வடபக்கத்தையும், எந்திரம் தொடாத கிழக்கு உள்வாயையும் அதன்பின் குளிர்காலம்தோறும் சேர்த்தே எண்ணிவருகிறேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போதும் இரண்டையும் தனித்தனியாகவே பதிகிறேன். உள்ளான்களும் பட்டாணி உப்புக்கொத்திகளும் கிழக்கில்தான் நிற்கின்றன. வடக்கில் முக்குளிப்பான்களும் நீர்க்காகங்களும் உண்டு, நடந்து இரை தேடும் பறவை ஒன்றும் இல்லை.

கண்மாய் வேலைக்கு முன் பாசன விவசாயிகள் கூடிப் பேசிய ஒரு நாளில் இந்தக் கணக்கை எடுத்துச் சென்றேன். பறவைக்காக நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எவரிடமும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அந்த நீரை நம்பி நெல் போட்டவர்கள் அவர்கள். நான் கேட்டது, மடைக்கு முன்னாலுள்ள பள்ளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஆழப்படுத்தலாம், உள்வாய்ச் சரிவை மட்டும் விட்டுவிடலாமா என்பது. பள்ளத்து நீர்தான் மடைக்கு ஏறும், உள்வாயில் வெட்டிய குழியில் நிற்கும் நீர் வயலுக்கு வராது என்று மூத்த விவசாயிகள் இருவர் தாமாகவே சொன்னார்கள். கரம்பை மண் வேண்டியவர்களுக்கு உள்வாய்தான் வண்டி இறங்க வசதி என்ற மறுப்பும் எழுந்தது, அதுவும் நியாயமானதே. முடிவில், மேற்குப் பக்கம் வண்டிக்கு ஒரு தடம் ஒதுக்கி, கிழக்குச் சரிவைத் தொடாமல் விடுவது என்று பேசிக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, அடுத்த வேலையின்போது மீண்டும் பேச வேண்டியிருக்கும். அதற்காக, மாதவாரியாகச் சேறு திறக்கும் பட்டையை நடந்து குறித்து ஒரு வரைபடம் தயாரித்து வருகிறேன். மதுரையைச் சுற்றிக் கண்மாய்களில் பறவை பார்ப்பவர்கள் எண்ணிக்கையோடு எந்தப் பக்கம், எவ்வளவு சரிவு, நீர் எவ்வளவு இறங்கியிருந்தது என்பதையும் குறித்துவைத்தால், தங்கள் ஊர்க் கூட்டத்தில் எடுத்துப் பேச அது கையில் இருக்கும். எண்ணும்போது கால்களையும் பாருங்கள்: வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால், எந்தக் கால், என்ன நிறம், எழுத்து உண்டா என்பதை எழுதி, முடிந்தால் படமும் எடுத்து, 1927 முதல் இந்நாட்டில் பறவைகளுக்கு வளையமிட்டு வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவையுங்கள்.